கருப்பு கேபினெட், வெள்ளை ஐலேண்ட்: 56 சதுர அடி சமையலறைக்கு ஒத்துவருமா?

‘இதே மாதிரி வேணும்.’ மாடுலர் கிச்சன் போட முடிவெடுத்த பல வீடுகளில் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. செல்போனில் ஒரு போட்டோ. அதில் கரிய நிறத்தில் கேபினெட்டுகள், நடுவில் பளிச்சென்று வெள்ளை நிறத்தில் ஒரு ஐலேண்ட், அதன் மேல் தொங்கும் மூன்று விளக்குகள். கார்பென்டரும் பார்த்துவிட்டு, ‘பண்ணிடலாம் சார்’ என்கிறார்.

பிரச்னை, அந்த போட்டோவில் இருக்கும் சமையலறையின் அளவு யாருக்கும் தெரியாது என்பதுதான். மும்பை, பெங்களூரு, டெல்லி சுற்றுவட்டாரம் என எந்த ஊர் அடுக்குமாடியாக இருந்தாலும், ஒன்று அல்லது இரண்டு படுக்கையறை வீட்டில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 8 அடிக்கு 7 அடி, கொஞ்சம் தாராளமாக இருந்தால் 10 அடிக்கு 8 அடி. அந்த இடத்தில் ஐலேண்ட் பொருந்துமா? கருப்பு கேபினெட் போட்டால் கிச்சன் குகை மாதிரி ஆகிவிடுமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்:

- 8×7 அடி சமையலறையில் உண்மையான ஐலேண்ட் பொருந்தாது. 10×8 அடியில், ஹால் பக்கம் திறந்திருந்தால் மட்டும் பொருந்தும்.
- அடர் நிறத்தைக் கீழ் கேபினெட்டோடு நிறுத்தினால் சிக்கல் குறைவு. கண் மட்டத்தில் இருக்கும் மேல் கேபினெட்டுதான் இடத்தை இருட்டாக்கும்.
- ஐலேண்டில் அடுப்பும் சிங்க்கும் வேண்டாம். அதை வெறும் வேலை மேடையாக வைத்துக்கொள்வதே எளிது, பாதுகாப்பும்கூட.
- முடிவெடுக்க வேண்டிய வரிசை: முதலில் அளவு, பிறகு வெளிச்சம், கடைசியில் நிறம்.

‘சின்ன கிச்சன்’ என்றால் எவ்வளவு?

இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016, சமையலறைக்குக் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்கிறது. சாப்பிடத் தனி இடம் இருக்கும் வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது; அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும். அதாவது சுமார் 54 சதுர அடி, 6 அடி அகலம். பொருட்கள் வைக்கத் தனி அறை இருந்தால் 4.5 சதுர மீட்டர் போதும். சமையலறையிலேயே சாப்பிடவும் செய்வதாக இருந்தால் 7.5 சதுர மீட்டர், அகலம் 2.1 மீட்டர். கிட்டத்தட்ட 81 சதுர அடி, 7 அடி அகலம்.

இது ஒரு வழிகாட்டித் தொகுப்பு. மாநிலங்களும் மாநகராட்சிகளும் தங்கள் கட்டட விதிகளைத் தனியாக வகுத்துக்கொள்கின்றன. ஆனாலும் நம் வீட்டைப் புரிந்துகொள்ள இது நல்ல அளவுகோல். 8×7 அடி சமையலறை என்பது 56 சதுர அடி. குறைந்தபட்சத்தைவிட இரண்டே சதுர அடிதான் அதிகம்.

இன்னொரு விஷயம். பில்டர் கொடுத்த வரைபடத்தில் இருக்கும் அளவு, பெரும்பாலும் செங்கல் சுவருக்குச் சுவர் எடுத்தது. பூச்சு, டைல்ஸ் எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் ஓரிரு அங்குலம் குறையும். மூலையில் தூண் நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் குறையும். அதனால் டைல்ஸ் ஒட்டிய பிறகு, தரை, மேடை, தலை என மூன்று உயரத்தில் டேப் பிடித்து அளந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். சுவர்கள் எப்போதும் நேராக இருப்பதில்லை.

ஐலேண்ட் பொருந்துமா? டேப் என்ன சொல்கிறது?

நான்கு பக்கமும் சுற்றி நடக்கும்படி தனியாக நிற்கும் மேடைக்குத்தான் ஐலேண்ட் என்று பெயர். உபயோகமாக இருக்க அது குறைந்தது 3 அடி நீளம், 2 அடி அகலம் வேண்டும்.

சுவரோரச் சமையல் மேடையின் ஆழம் 2 அடி. அதற்கும் ஐலேண்டுக்கும் நடுவே நடைபாதை தேவை. அமெரிக்காவின் கிச்சன் வடிவமைப்பு வழிகாட்டிகள் ஒருவர் சமைத்தால் 42 அங்குலம், இருவர் சமைத்தால் 48 அங்குலம் என்கின்றன. நம் ஊரில் 3 அடி, அதாவது 36 அங்குலத்தில் சமாளிக்கிறோம். அதற்குக் கீழே போனால் சிக்கல். ஒரு டிராயரை முழுதாக இழுத்தால் ஒன்றரை அடிக்கு மேல் வெளியே வரும். மிச்சம் இருக்கும் ஒன்றரை அடியில் ஆள் நிற்க வேண்டும், குனிய வேண்டும், கையில் சூடான குக்கரோடு திரும்பவும் வேண்டும்.

இப்போது மூன்று அறைகளைப் பார்ப்போம்.

- 8×7 அடி, எல் வடிவ மேடை: இரண்டு சுவரிலும் 2 அடி மேடை போனால் மிச்சம் 6×5 அடி. இரண்டு மேடையிலிருந்தும் 3 அடி நடைபாதை விட்டால், ஐலேண்டுக்கு மிஞ்சுவது எதிர் மூலையில் 3×2 அடி. அது இரண்டு பக்கம் சுவரில் ஒட்டிய மேசைதான், ஐலேண்ட் இல்லை. பல வீடுகளில் கதவு இருப்பதும் அந்த மூலையில்தான்.

- 10×8 அடி, எல் வடிவ மேடை: மிச்சம் 8×6 அடி. 3 அடி நடைபாதை விட்டு 3×2 அடி ஐலேண்ட் வைத்தால், மற்ற இரண்டு பக்கமும் 2 அடியும் 1 அடியும்தான் மிஞ்சும். சுற்றி நடக்க முடியாது.

- 10×8 அடி, ஒரே சுவரில் மேடை, ஹால் பக்கம் திறப்பு: மேடை 2 அடி, நடைபாதை 3 அடி, ஐலேண்ட் 2 அடி. மொத்தம் 7 அடி. இது பொருந்தும். ஐலேண்டின் மறுபக்கம் ஹாலுக்குள் திரும்பியிருக்கும். அங்கே ஸ்டூல் போட்டு உட்காரலாம்.

இரண்டு பக்கமும் சுவர் இருக்கும் மூடிய சமையலறையாக இருந்தால், 2+3+2+3 என்று 10 அடி அகலம் தேவை. இதுதான் நினைவில் வைக்க வேண்டிய எண். உங்கள் சமையலறையின் குறுகிய பக்கம் 10 அடி இல்லையென்றால், மூடிய அறையில் ஐலேண்ட் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஐலேண்ட் வரப்போகும் இடத்தில் அதே அளவுக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கி வையுங்கள். நான்கு நாள் அப்படியே சமையுங்கள். இடுப்பில் இடித்தால் விடை தெரிந்துவிடும்.

பொருந்தாவிட்டால் வேறு வழி?

ஐலேண்ட் தரும் பலன் மூன்று: கூடுதல் வேலை இடம், கூடுதல் சாமான் இடம், கண்ணுக்கு ஒரு வெளிர் மையம். இந்த மூன்றையும் வேறு வழியிலும் பெறலாம்.

முதல் வழி, பெனின்சுலா. ஒரு முனை சுவரில் ஒட்டி, மூன்று பக்கம் திறந்திருக்கும் மேடை. எல் வடிவத்தை யு வடிவமாக்கும் இந்த மேடைக்கு ஒரு பக்க நடைபாதை மிச்சமாகும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே அரைச்சுவர் இருந்தால் அதன் மேலேயே அமைக்கலாம்.

இரண்டாவது, சக்கரம் வைத்த டிராலி மேடை. ஒன்றரை அடிக்கு 2 அடி போதும். நான்கு சக்கரமும் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காய் நறுக்கும்போது நகரும். வாடகை வீட்டுக்கு இதுதான் சரி. வீடு மாறும்போது கூடவே வரும்.

மூன்றாவது, சுவரில் மடித்து வைக்கும் பலகை. சப்பாத்தி தேய்க்கும் நேரத்துக்கு மட்டும் விரித்துக்கொள்ளலாம்.

மூன்றிலும் மேல்பகுதியை வெளிர் நிறத்தில் வைத்தால், போட்டோவில் பார்த்த அந்தக் கருப்பு-வெள்ளை வித்தியாசம் உங்கள் கிச்சனிலும் வந்துவிடும்.

கருப்பு இடத்தைச் சின்னதாக்குமா?

‘அடர் நிறம் போட்டால் அறை சின்னதாகத் தெரியும்’ என்பது எல்லாரும் சொல்வது. அது பாதிதான் உண்மை. எவ்வளவு பரப்பில், எந்த உயரத்தில் அந்த நிறம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பெயின்ட் நிறுவனங்கள் நிற அட்டைகளில் ‘எல்ஆர்வி’ என்று ஒரு எண் போடுவதைப் பார்க்கலாம். மேலே விழும் வெளிச்சத்தில் எவ்வளவு சதவீதத்தை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதே அது. வெள்ளைக்கு 80-க்கு மேல் இருக்கும். கரி நிறங்களுக்குப் பத்துக்கும் கீழே.

இதை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு. நாம் பார்த்த 8×7 அடி சமையலறையில், கண்ணுக்குத் தெரியும் கேபினெட் முகப்பு கீழே சுமார் 30 சதுர அடி, மேலே சுமார் 20 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்கு 80, கருப்புக்கு 8 என்று எடுத்துக்கொண்டால், அந்த 50 சதுர அடியின் சராசரி இப்படி வரும்:

- எல்லாமே வெள்ளை: 80
- கீழே கருப்பு, மேலே வெள்ளை: 37
- எல்லாமே கருப்பு: 8

எல்லாம் வெள்ளையாக இருப்பதோடு ஒப்பிட்டால், கீழ்ப்பகுதி மட்டும் கருப்பு என்னும்போது திரும்பும் வெளிச்சம் பாதிக்குக் கொஞ்சம் கீழே இறங்குகிறது. மேலேயும் கருப்பானால் பத்தில் ஒரு பங்காகச் சரிகிறது. அதாவது, அந்தக் கடைசி 20 சதுர அடிதான் பெரிய வேலை பார்க்கிறது. மேல் கேபினெட் கண் மட்டத்தில் இருக்கிறது, ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மேடைக்கு நேர் மேலேயும் இருக்கிறது.

‘பளபளப்பான கருப்பு போட்டால் வெளிச்சம் வருமே?’ என்று கேட்கலாம். வராது. பளபளப்பு, பல்பின் பிம்பத்தைக் கண்ணாடி மாதிரி ஒரு புள்ளியில் காட்டும். வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பாது. கண் கூசுவதுதான் மிச்சம்.

அடர் நிறத்துக்கு நல்ல பக்கமும் உண்டு. கீழே அடர்த்தியாக, மேலே வெளிராக இருக்கும் அறை நிலையாகத் தெரியும். கால் மட்டத்தில் படும் அழுக்கும் சட்டென்று தெரியாது. அதனால் சின்ன கிச்சனுக்கு ஒரு எளிய வாய்ப்பாடு: இடுப்புக்குக் கீழே கருப்பு, இடுப்புக்கு மேலே வெளிர். நடுவில் வரும் சுவர் டைல்ஸும், ஐலேண்டோ டிராலியோ அதன் மேல்பகுதியும் வெளிர் பக்கத்தில் சேர வேண்டும். கேபினெட்டின் உள்பக்கத்தையும் வெள்ளை லேமினேட்டாகவே கேளுங்கள். கரப்பான், நீர்க்கசிவு, பூஞ்சை மூன்றும் வெள்ளையில்தான் சீக்கிரம் கண்ணில் படும்.

ஜன்னல் எங்கே திறக்கிறது?

நிறம் தேர்வு செய்யும் முன் பார்க்க வேண்டியது இது. சமையலறைக்கு 1 சதுர மீட்டராவது ஜன்னல் இருக்க வேண்டும், அது வெளியிலோ திறந்த இடத்திலோ நேராகத் திறக்க வேண்டும், ஷாஃப்டுக்குள் திறக்கக் கூடாது என்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்பு. 1 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 11 சதுர அடி.

ஆனால் நிறைய அடுக்குமாடிகளில் சமையலறை ஜன்னல், யூட்டிலிட்டி பால்கனியைப் பார்த்துத்தான் இருக்கும். அங்கே வாஷிங் மெஷின், கம்பிவலை, காயும் துணி. அதைத் தாண்டி உள்ளே வருவது இரவல் வெளிச்சம். காலை 11 மணிக்கும் லைட் போட்டுத்தான் காய் நறுக்குகிறீர்கள் என்றால், உங்கள் கிச்சனுக்கு மேல் கேபினெட்டில் கருப்பு வேண்டாம்.

விளக்கு எவ்வளவு தேவை?

நிறத்தால் இழப்பதை விளக்கால் ஈடுகட்டலாம். சமையலறையின் பொது வெளிச்சத்துக்கு 200 லக்ஸ் என்பது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. நறுக்கும் இடத்துக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

56 சதுர அடி என்றால் 5.2 சதுர மீட்டர். 200 லக்ஸுக்கு மேடை மட்டத்தில் 1,040 லூமன் வந்து சேர வேண்டும். வெளிர் நிற அறையில் விளக்கு தரும் வெளிச்சத்தில் பாதி மேடைக்கு வருகிறது என்று வைத்தால், சுமார் 2,080 லூமன் விளக்கு போதும். 20 வாட் எல்ஈடி டியூப் ஒன்று கிட்டத்தட்ட அவ்வளவு தரும். அடர் நிற அறையில் மூன்றில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது என்று வைத்தால், 3,120 லூமன். அதாவது ஒன்றரை டியூப்.

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். அறையின் நடுவில் ஒரே டியூப் இருந்தால், மேடையைப் பார்த்து நிற்கும்போது உங்கள் நிழல் அரிவாள்மனை மேலேயோ கத்தி மேலேயோ விழும். கருப்பு கிரானைட் மேடை, கருப்பு கேபினெட் என்றால் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. மேல் கேபினெட்டின் அடியில், முன் விளிம்பை ஒட்டி எல்ஈடி ஸ்ட்ரிப் ஓட்டினால் இந்த நிழல் போய்விடும். அதற்கான மின்வயரை டைல்ஸ் ஒட்டும் முன்பே இழுத்து வைக்க வேண்டும். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

பல்ப் வாங்கும்போது 4,000 கெல்வின் என்று பார்த்து வாங்கலாம். 6,500 கெல்வின் நீலம் பாய்ந்த வெள்ளை. அதில் கருப்பு கேபினெட் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். 3,000 கெல்வின் மஞ்சள். வெள்ளை ஐலேண்ட் பழுப்பேறிய மாதிரி தெரியும்.

மஞ்சள், மாவு, உப்புத் தண்ணீர்

வெளிநாட்டு போட்டோவைப் பார்த்து வாங்கும்போது நாம் மறப்பது நம் சமையலை. கருப்பு அழுக்கைக் காட்டாது, வெள்ளை காட்டும் என்பது முழு உண்மை இல்லை. இரண்டும் வேறு வேறு அழுக்கைக் காட்டும்.

கருப்பில் தெரிவது: கோதுமை மாவு, அரிசி மாவு, எண்ணெய்க் கை ரேகை, உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டு. போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் சிங்க்கைச் சுற்றிப் பளபளப்பான கருப்பு கிரானைட் இருந்தால், தினமும் துடைக்க வேண்டியிருக்கும். கேபினெட்டில் பளபளப்பைத் தவிர்த்து மேட் ஃபினிஷ் எடுத்தால் கை ரேகை குறையும். கைப்பிடி வைத்தால் இன்னும் குறையும். கைப்பிடி இல்லாத டிசைனில் எண்ணெய்க் கை நேராகக் கதவில்தான் படும்.

வெள்ளையில் தெரிவது: மஞ்சள் கறை, டீ, மிளகாய்த்தூள் எண்ணெய். ஒரு சின்ன ஆறுதல், மஞ்சளில் நிறம் தரும் குர்குமின் வெயில் பட்டால் மங்கும். ஆனால் வெயில் படும் இடத்தில்தான் ஐலேண்ட் இருக்கும் என்று சொல்ல முடியாதே.

ஐலேண்டின் வெளிர் மேல்பகுதிக்கு என்ன போடலாம்?

- வெள்ளை மார்பிள்: எலுமிச்சை, புளி, தயிர் என எந்தப் புளிப்பு பட்டாலும் பளபளப்பு அரித்துப்போகும். நம் சமையலுக்கு ஒத்துவராது.
- குவார்ட்ஸ்: கறை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஆனால் கல்தூளைப் பிசினோடு சேர்த்துச் செய்வது என்பதால் சூடு ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைத்தால் நிறம் மாறும்.
- வெளிர் கிரானைட்: சூடு தாங்கும். நுண்துளைகள் இருப்பதால் சீலர் பூச வேண்டும். பிறகும் அவ்வப்போது பூச வேண்டும்.
- பெரிய போர்சலின் பலகை: சூடும் கறையும் தாங்கும். விளிம்பில் கனமான பாத்திரம் மோதினால் சில்லு பெயரும்.

தூய வெள்ளையைவிட, புள்ளி போட்ட வெளிர் சாம்பலோ மணல் நிறமோ எடுத்தால் தினசரி வேலை குறையும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதில் கொஞ்சம்தான் குறையும்.

பிளைவுட்டையும் பார்க்க வேண்டும். ஐஎஸ் 303 என்பது பொது உபயோகத்துக்கானது. ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட், நீரைத் தாங்கும் பசையில் செய்தது. சிங்க்குக்குக் கீழே இரண்டாவது வகைதான் வேண்டும். லேமினேட்டின் அடித்தாள் பழுப்பு நிறம் என்பதால், வெள்ளைக் கதவின் விளிம்பில் பழுப்புக் கோடு தெரியும். கருப்பில் அது மறைந்துவிடும். வெள்ளைப் பகுதிக்கு அதே நிறத்தில் விளிம்புப் பட்டை ஒட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

சுவரை இடித்து ஓப்பன் கிச்சன் ஆக்கலாமா?

ஐலேண்ட் பொருந்த ஹால் பக்கச் சுவரை எடுக்கலாம் என்ற யோசனை வரும். இங்கே நிதானம் தேவை.

தூணும் உத்தரமும் பாரம் தாங்கும் கட்டடத்தில், நடுவில் இருப்பது வெறும் செங்கல் தடுப்பாக இருக்கலாம். அதைக்கூட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகு, சங்கத்தின் அனுமதியோடு, உள்ளூர் விதிப்படிதான் எடுக்க வேண்டும். ஆனால் இப்போது வரும் பல உயர்மாடிக் கட்டடங்கள் மிவான் எனப்படும் அலுமினிய அச்சு முறையில் கட்டப்படுகின்றன. அவற்றில் உள் சுவர்களே கான்கிரீட். பாரத்தைத் தாங்குவதும் அவைதான். அந்தச் சுவரை உடைப்பது உங்கள் வீட்டுப் பிரச்னை மட்டும் இல்லை, மேலே இருக்கும் எல்லா மாடிக்கும் ஆபத்து. பழைய காலத்துச் செங்கல் பாரச் சுவர் வீடுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஐலேண்டில் ஏன் அடுப்பும் சிங்க்கும் வேண்டாம்?

அடுப்பை நடுவில் வைத்தால் கேஸ் குழாய் தரைக்குள் போக வேண்டும், புகைபோக்கி கூரையிலிருந்து தொங்க வேண்டும். சிங்க் வைத்தால் கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும். அடுக்குமாடிச் சமையலறைத் தரையில் அதற்கான பள்ளம் பொதுவாக இருக்காது. தரையை உயர்த்தினால் வாசலில் ஒரு படி வந்துவிடும். குக்கரோடு நடக்கும் இடத்தில் படி எதற்கு?

கேஸ் விஷயத்தில் இன்னொன்று. சிலிண்டரில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டரைக் காற்றுப் புகாத கேபினெட்டுக்குள் அடைக்கக் கூடாது. கதவின் அடியில் காற்றுத் துளைகள் வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே ஏறும். அதற்குக் காற்று வழி உயரத்தில் இருக்க வேண்டும். அழகுக்காக எல்லாவற்றையும் கருப்புக் கதவு போட்டு மூடும்போது இந்த வித்தியாசம் மறந்துபோகிறது.

மேடை உயரம் யாருக்காக?

போட்டோவில் வரும் அமெரிக்க கிச்சன் மேடையின் வழக்கமான உயரம் 36 அங்குலம். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ., அதாவது 5 அடிக்குக் கொஞ்சம் கீழே. அந்த உயரமுள்ளவருக்கு முழங்கை தரையிலிருந்து சுமார் 96 செ.மீ. உயரத்தில் இருக்கும். வேலை மேடை முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் தோள் வலிக்காது. கணக்குப் போட்டால் 81 முதல் 86 செ.மீ., அதாவது 32 முதல் 34 அங்குலம். சப்பாத்தி தேய்க்கவும் மாவு பிசையவும் அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் நல்லது. 36 அங்குல ஐலேண்டில் தினமும் மாவு பிசைந்தால் தோளைத் தூக்கிக்கொண்டேதான் பிசைய வேண்டும்.

இது சின்ன விஷயம் இல்லை. தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 2024-ம் ஆண்டு காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இதில் துவைப்பது, பெருக்குவது எல்லாமே சேரும் என்றாலும், பெரும் பங்கு எங்கே போகிறது என்று எந்த வீட்டிலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் கார்பென்டரிடம் பேசுவதும், கொட்டேஷனில் பேரம் பேசுவதும், ‘கருப்பு ரிச்சா இருக்கும்’ என்று முடிவெடுப்பதும் பல வீடுகளில் அந்த 88 நிமிடத்துக்காரர்தான்.

சின்ன சமையலறையை முதன்முதலாகக் கடிகாரம் வைத்து அளந்து வடிவமைத்த முயற்சிகளில் புகழ்பெற்றது, 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் உருவாக்கிய ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன். அகலம் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். ஏறக்குறைய 70 சதுர அடி. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துப் பொதுக் குடியிருப்புகளில் இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் அமைக்கப்பட்டன. அவற்றில் பலவற்றில் கேபினெட்டுகளுக்கு நீல நிறம் பூசினார்கள். ஈக்கள் நீலத்தை அண்டாது என்று அப்போது நம்பப்பட்டதே காரணம். நிறத்துக்குக்கூட ஒரு வேலை இருந்தது.

அந்த வடிவமைப்பின் மீது பிறகு எழுந்த விமர்சனமும் நமக்குப் பாடம்தான். நடை குறைந்தது, நேரம் மிச்சமானது. ஆனால் ஒருவர் மட்டுமே நிற்க முடிந்த அந்த இடத்தில் இன்னொருவர் வந்து கைகொடுக்க வழியில்லாமல் போனது. சமைப்பவர் தனியாக அடைபட்டார். 3 அடி நடைபாதையை இரண்டரை அடியாக்கி ஒரு ஐலேண்டைத் திணித்தால், நாமும் அதையேதான் செய்கிறோம்.

ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

- சதுர அடி விலையை எதை அளந்து சொல்கிறார்கள்? முன்பக்க முகப்பை மட்டுமா, உள் தட்டுகளையும் சேர்த்தா? சிலர் மேடையின் ஓட்ட அடிக்கு விலை சொல்வார்கள். இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும் முன் இது ஒன்றாக இருக்க வேண்டும்.
- பிளைவுட்டில் ஐஎஸ் எண்ணும் முத்திரையும் இருக்கிறதா? பலகை வெட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.
- டிராயரும் கதவும் முழுதாகத் திறந்தால் நடைபாதையில் எவ்வளவு மிஞ்சும்? வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.
- மேடை உயரம் யாருடைய முழங்கையை அளந்து வைத்தது?
- கேபினெட் அடி விளக்குக்கும், ஐலேண்டில் மிக்ஸி செருகவும் மின் இணைப்பு எங்கே?
- லேமினேட் துண்டைக் கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, அது வரப்போகும் இடத்தில் நிறுத்தி, காலையிலும் இரவிலும் பாருங்கள். எண்ணெய்க் கையால் தொட்டு, கொஞ்சம் மாவு தூவித் துடைத்தும் பாருங்கள்.

ஏற்கெனவே கிச்சன் இருக்கிறது, நிறத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்றால், பெட்டி நன்றாக இருக்கும் பட்சத்தில் கீழ்க் கதவுகளை மட்டும் மாற்றினால் போதும். கூடவே ஒரு வெளிர் நிற டிராலி. செலவில் பெரும்பகுதி மிச்சம்.

கருப்பு கேபினெட், வெள்ளை ஐலேண்ட் இரண்டுமே தப்பான ஆசை இல்லை. அளந்து பார்த்து, வெளிச்சம் பார்த்து, கீழே கருப்பையும் மேலே வெளிரையும் வைத்தால் 56 சதுர அடியிலும் அந்த அழகு வரும். அதற்கு முதலில் டேப்பை, அந்த அறையில் தினமும் நிற்பவர் கையில் கொடுக்க வேண்டும்.